சாரி என்ற சொல்லும் சாத்தன் வீட்டு வாயிலும்

நலம் ஓங்குக. அலைசூழ் ஆழிநாட்டை ஆளும் வெண்சங்குக் கொடியுடைய நெய்தற்செல்வி நாச்சியார், முத்தலைத் துறையின் காவலர் விடங்கவேளாருக்கு விடுக்கும் ஓலை. உமது துறைக்கும் அங்கே வலைவீசி வாழ்வோர்க்கும் மங்கலம் பெருகுக. உமக்கும் பெருகுக என்று எழுதத் தேவியாருக்குக் கை வரவில்லை.

ஆங்கிலக் கப்பல் ஒன்று மீனவன் சாத்தனின் கட்டுமரத்தின்மேல் மோதி அவனைக் கடலில் அமிழ்த்திக் கொன்றதும், அதன் தலைவன் உம்முன் தொப்பியைக் கழற்றிச் சாரி என்றதும், அதனையே மன்னிப்பாக ஏற்று நீர் கப்பலை அனுப்பிவிட்டதும், நியாயம் முடிந்ததென்று சாத்தன் மனைவி பொற்கிளிக்குச் சொல்லியனுப்பியதும் தேவியார் செவிக்கு எட்டின. பிழை செய்தவர் இழந்தவர் வாயிலில் நாற்பது நாள் நீர் சுமந்து வைத்த பின்பே மன்னிப்புக் கேட்க வாய் திறக்கலாம் என்பது இந்நாட்டு வழக்கம். வழக்கம் அறிந்த நீரே அதனை அந்நியனுக்குத் தள்ளுபடி செய்தீர். யாரைக் கேட்டுச் செய்தீர்?

தேவியார் அந்நியர் மொழி பெயர்க்கும் துபாசி மாசிலாமணியை அழைத்து அச்சொல்லின் வரலாறு கேட்டார். புண்ணையும் வலியையும் குறித்த பழஞ்சொல்லில் பிறந்தது அது என்றும், முன்னாளில் நெஞ்சு நொந்தவனே அதைச் சொன்னான் என்றும் அவர் விண்ணப்பித்தார். இன்றோ தோள் உரசினாலும் அதுவே, சொன்னது காதில் விழாவிடினும் அதுவே, கேட்ட சரக்கு கடையில் இல்லையெனினும் அதுவே, ஓர் உயிர் போயினும் அதுவேயாம். பரிதாபமாய்ச் சீர்கெட்டுக் கிடப்பதையும் அச்சொல்லாலேயே குறிப்பராம். உமது நீதிமன்றத்துக்கு அந்தப் பொருள் நன்றாகவே பொருந்துமென்று தேவியார் கசந்து சிரித்தார். வலியிலே பிறந்த சொல்லை வலிக்காமல் சொல்லக் கற்றவர்களை நொந்து பயனில்லை. அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்ட உம்மை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஆகவே இவ்வோலை கண்டவுடன் நீர் பல்லக்கு விடுத்து, கால்நடையாய் மீனவர் குப்பத்துக்கு வந்து, பொற்கிளியின் வாயிலில் நாளொன்றுக்கு ஒரு குடம் நீர் வைப்பீராக. நாற்பது நாளும் எந்த மொழியிலும் வாய் திறவாதிருப்பீராக.

அக்கப்பல் கட்டுமரங்கள் ஓடும் நீர்வழியில் வர இசைவு தந்தது தேவியாரின் முத்திரையே. ஆதலின் இவ்வோலை அரண்மனையில் எழுதப்பட்டதன்று. சாத்தன் வீட்டு வாயிலில் எழுதப்பட்டது. தேவியார் நீர் சுமப்பது இன்றோடு மூன்றாம் நாள். கதவு இன்னும் திறக்கவில்லை.

வெண்சங்கு முத்திரை இட்டோம். இது ஆணை. குடத்தோடு வருக.