மேகாத்து

மே 6, திங்கள்
என் வீட்டுக்காரர் விமலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு மாற்றலாகி ரெண்டு வருஷம். நான் விமானம் ஏறியும் ரெண்டு வருஷம். சென்னையில் பறக்கக் கற்றுக்கொடுத்தவள் இங்கே துணி மடிக்கிறேன். அலுப்பு.
சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து போன். மில் முதலாளி சுப்புராஜ். மலையடிவாரத்து மாந்தோப்பில் இறங்குகிற மாதிரி ஒரு குட்டி விமானம் வாங்கப் போகிறாராம். எது நல்லது என்று நான் சொல்ல வேண்டும். வந்ததும் நானே ஓட்ட வேண்டும்.

மே 12, ஞாயிறு
தோப்பைப் பார்த்தேன். மர வரிசைகளுக்கு நடுவே தெற்கு வடக்காக முந்நூறு மீட்டர் மண்பாதை. இலை அசையவில்லை. காற்று எப்படி என்று சுப்புராஜிடம் கேட்டேன்.
"ஆடியில மேகாத்து அடிக்கும்மா. மத்தபடி ஒண்ணுமில்ல."
மேலே அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். தரையில் நமக்கென்ன?

ஜூன் 3
நாலு சீட்டு விமானம் வேண்டாம். கனம், இந்த இடம் பத்தாது. இன்னொன்றுக்கு முன்சக்கரம் பூஞ்சை, குழியில் விழுந்தால் ஒடியும். மிச்சம் ரெண்டு சீட்டு, வால்சக்கரம், பெரிய டயர். நூறு மீட்டரில் நின்றுவிடும். அம்புட்டு லேசு என்பார்கள் இங்கே.

ஜூன் 20
என்ன நிறம் என்று கேட்கிறார். மஞ்சள் என்றேன். எதுவானால் என்ன, ஏறினால் போதும்.

ஜூலை 21, ஞாயிறு
காரைவிட்டு இறங்கியதும் துப்பட்டா பறந்து வேலியில் மாட்டியது. மலையிலிருந்து காற்று, பாதைக்குக் குறுக்கே.
"என்ன சார் இது?"
"நாந்தான் சொன்னேனே, மேகாத்துன்னு. மேக்கேயிருந்துல்லா வருது."
மேற்கா! எனக்கு மேல் என்றால் வானம். இந்த ஊருக்கு மேல் என்றால் மலை.
அந்த லேசான விமானத்தை இது பக்கவாட்டில் புரட்டிவிடும். பாதையைக் கிழக்கு மேற்காகத் திருப்பினால் காற்றை எதிர்த்து இறங்கலாம். ஆனால் அங்கே அவர் அப்பா வைத்த சப்பட்டை ரக மாமரங்கள் நிற்கின்றன.
சொல்லாமலே இருந்துட்டா? ச்சீ, என்ன புத்தி இது.

ஜூலை 22
சொல்லிவிட்டேன். ஆடியில் மட்டும் ஓட்டாமல் வைப்போமே என்று கெஞ்சினேன். சிரித்தார்.
"வாங்கிப் பூட்டி வைக்கிற ஆளா நான்? ஆடியிலயும் ஒரு நா ஏறிருவேம்மா. மரமா விமானமான்னு ரோசிச்சுச் சொல்றேன்."
வீட்டுக்கு வந்து அழுதேன். அவருக்காக இல்ல. அந்த சீட்டு எனக்கு வேணும் — எனக்குத்தான் வேணும்.

ஆகஸ்ட் 30
போன் இல்லை.

2025 மே 18, ஞாயிறு
சுப்புராஜின் டிரைவர் ஒரு பெட்டி சப்பட்டை மாம்பழம் கொண்டுவந்து வைத்தார்.
"மேகாத்துக்கு வெட்டுப்படாம நின்ன மரத்துப் பழம்னு ஐயா சொல்லச் சொன்னாவ."
விமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நறுக்கினார். ரெண்டு தின்றேன். பாழாப்போன பழம், நல்லாத்தான் இனிக்குது.