நலம் நீங்கலாக

அன்பு மனைவிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். முதல் சொல்லை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். உன் நலமும் மகள் நலமும் பேத்தி நலமும் அறிய ஆவல். குழந்தைக்கு என் மூக்கு என்று போனில் புலம்பினாய். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று என் அம்மாவும் சொன்னாள், எனக்கு ஆகவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். "சாப்டீங்களா?" என்று நீ கேட்டதும் "ஆச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

மகள் பிரசவத்துக்கு நீ கிளம்பிப் போன இரண்டு மாதத்தில் என் கால்சட்டை இடுப்பை மூன்று தடவை பிடித்துத் தைத்தேன். தொப்பை கரைகிறது என்று பெருமையாக இருந்தது. அப்புறம் உடம்பெல்லாம் அரிப்பு. நம் தையல் கடைக்குப் புதிதாக வாங்கிய கம்பளித் துணிமேல் பழியைப் போட்டு ஜவுளிக் கடைக்காரரோடு சண்டை பிடித்தேன். பாவம், மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெயிண்டர்தான் என் முகத்தை உற்றுப் பார்த்து, "மாஸ்டர், உங்க கண்ணு நான் போன வாரம் அடிச்ச பள்ளிக்கூடச் சுவர் மாதிரி இருக்கே!" என்றார். என்ன நிறம் என்று கேட்டேன். "நல்ல மஞ்சள்" என்றார்.

உன் தம்பி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். ஸ்கேனுக்காக என் கையில் ஊசி குத்தினார்கள். அவன் மயங்கி விழுந்தான். எனக்குப் போட்டிருந்த கட்டிலில் அவனைப் படுக்கவைத்து நான் விசிறிக்கொண்டு நின்றேன். புதிதாக வந்த நர்ஸ் அவன் கையைப் பிடித்து, "தைரியமா இருங்க, உங்க அப்பா பக்கத்துலயே இருக்காரு" என்றாள். அவனுக்கும் எனக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம்!

விஷயத்துக்கு வருகிறேன். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம். சாப்பாட்டைச் செரிக்க வைப்பதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் அதன் வேலை. அறுபத்தொரு வருடம் சத்தமில்லாமல் உழைத்திருக்கிறது, நான் பெயர்கூடக் கேட்டதில்லை. அதன் தலைப்பக்கத்தில் ஒரு கட்டி. அது பித்தம் இறங்கும் வழியை அடைத்ததால்தான் மஞ்சளும் அரிப்பும். சதை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். புற்றுநோய்தான்.

இங்கே கொஞ்சம் தண்ணீர் குடி. நானும் குடித்தேன்.

டாக்டரம்மா நம் மகள் வயசுக்காரி. பூசி மெழுகவில்லை. "இது லேசான நோய் இல்லீங்க. நிறையப் பேர் எங்ககிட்ட வர்றப்ப வெட்டி எடுக்கற கட்டம் தாண்டியிருக்கும். உங்க மஞ்சக் கண்ணு முன்னாடியே காட்டிக் கொடுத்துடுச்சு" என்றாள். கணையத்தின் தலை, பித்தப்பை, சிறுகுடலின் முதல் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மீதியைத் திரும்ப இணைத்துத் தைப்பார்களாம். ஆறேழு மணி நேர வேலை. என்ன நூல் என்று கேட்டேன். "தானா கரையற நூல்" என்றாள். அப்படித் தைத்துக் கொடுத்தால் என் வாடிக்கைக்காரர்கள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான் என்றேன். சிரித்துவிட்டாள். அப்புறம் ஆறு மாதம் மருந்து ஏற்றுவார்கள். ஒவ்வொரு வேளையும் சோற்றோடு செரிமான மாத்திரை. சர்க்கரை வந்தாலும் வரலாம்.

அதோடு தீர்ந்துவிடுமா என்றும் கேட்டேன். "திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். வாக்குக் கொடுக்க முடியாது. வாய்ப்பு இருக்கு" என்றாள். நாற்பது வருடமாக "நாளைக்கு ரெடி" என்று புளுகி வந்தவன் நான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

பித்த வழியில் சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். அரிப்பு நின்றுவிட்டது. உன் தம்பி வீட்டில்தான் சாப்பாடு. அவன் மனைவி என்னைப் பார்த்ததும் அழுவாள், அழுதுகொண்டே இன்னொரு கரண்டி வைப்பாள்.

மகளிடம் பக்குவமாகச் சொல். பச்சை உடம்புக்காரி. கைக்குழந்தையையும் அவளையும் தனியே விட்டுவிட்டு நீ ஓடிவர வேண்டியதில்லை. பேத்திக்கு என் முத்தம், தீர்க்காயுசாக இருக்கட்டும்.

ஆபரேஷன் பதினெட்டாம் தேதி காலை. சம்மதப் படிவத்தில் என் கையெழுத்துக்குக் கீழே, நெருங்கிய உறவு என்று ஒரு கோடு இருக்கிறது. உன் தம்பி பேனா மூடியைத் திறந்துகொண்டு வந்தான். இரு, அவசரமில்லை என்றேன். பதினேழாம் தேதி சாயங்காலம் வரைக்கும் அந்தக் கையெழுத்தை வாங்கிக்கொள்வார்களாம். சும்மா கேட்டு வைத்தேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரர்