கம்பியைப் பிடித்த கை

மௌலா அலியில் பஸ்ஸை விட்டு இறங்கி நெடுநேரமாகியும் உள்ளங்கையில் கம்பியின் இரும்பு வாடை போகவில்லை. நாம் இருவரும் கல்லூரிக்குப் பாடம் நடத்த நின்றபடியே போய்வந்த பஸ்களில் இதே வாடைதான். ஒருநாள் டிரைவர் சட்டென்று பிரேக் போட, நான் உன்மேல் சாய்ந்தேன். நீ சிரித்தாய்.

"இதான்டா இன்னிக்கு என் கிளாஸ். நாணய மாற்று விகிதம்னா கம்பியைப் பிடிச்ச கை. அது நகராதுன்னு அரசாங்கம் சத்தியம் பண்ணிட்டா, அடி விழும்போது உடம்புதான் ஆடணும்."

நாணயம் அசையாத நாட்டில் அரசு செலவு செய்தால் அதன் பலம் முழுதும் வேலையாக இறங்கும். செலவைச் சுருக்கினால் அதே வேகத்தில் வேலை போகும். நானும் ஆண்டுதோறும் நடத்திய பாடம்தான். ஆனால் உன்னைப்போல் நிச்சயமாகச் சொன்னதில்லை. "உன்னைக் கேட்டா ஹவ்வும் வராது, நக்கோவும் வராது" என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னும் கேலி செய்வாய். இந்த ஊர்ப் பேச்சின் அந்த ஆமாம், வேண்டாம் இரண்டுமே என் வாயில் வராதவைதான்.

சென்ற மாதம் வளைகுடாவிலிருந்து உன் மகன் கூப்பிட்டான். அங்கே அரசாங்கச் சாலை வேலையில் இருக்கிறான். கடன் வாங்கி, குகட்பள்ளியில் ஃபிளாட் எடுத்து, மனைவியையும் குழந்தைகளையும் அம்மாவோடு குடிவைக்க நினைத்திருந்தான்.

"எண்ணெய் விலை இறங்கிடுச்சு அங்கிள். ஆனா இங்க காசு டாலரோட கட்டினபடி அப்படியே இருக்கு. பயமில்லாம வாங்கலாம்தானே?"

வழக்கம்போலச் சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "நக்கோ கண்ணா. காசு அசையலைன்னாதான் பயம். அவங்களுக்கு வருமானம் குறைஞ்சா, வெட்டுறது உங்க ரோடு வேலையைத்தான்."

"அப்பா இருந்தா ஹவ்னு சொல்லியிருப்பார்" என்றான். ஆனாலும் கேட்டுக்கொண்டான்.

இன்று அந்த ஃபிளாட்டுக்குப் போட்டிருந்த முன்பதிவை ரத்துசெய்ய உன் மனைவியோடு போய்வந்தேன். பேரப்பிள்ளைகளுக்கென்று பார்த்துவைத்திருந்த அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். திரும்பும்போது அவருக்கு இடம் கிடைத்தது, நான் நின்றேன்.

"அண்ணா, அங்க ரோடு வேலை இன்னும் நடக்குதுதானே?"

"நடக்குதும்மா" என்றேன்.

நான் சொன்னது நாம் படித்த பாடமா, பாடத்தின் சட்டையைப் போட்டுக்கொண்ட என் பயமா? பிரித்துச் சொல்ல நீ இல்லை. நான் சொன்னது பலித்தால் உன் மகனுக்கு வேலை போகும். பலிக்காவிட்டால் அவன் வீட்டைக் கெடுத்தவன் நான். பொய்த்துப்போகட்டும் என்றே வேண்டிக்கொள்கிறேன்.

கை கழுவச் சோப்பை எடுத்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டேன். நீ பக்கத்தில் நின்ற வாடை இது. இன்றைக்கு இருக்கட்டும்.