நீளமான ஃபோர்க்

ஞாயிறு, இரவு

என் மணிக்கட்டு வலிக்காக, வீட்டுக்காரர் என் எலக்ட்ரிக் மலை சைக்கிளின் முன்சக்கரத்துக்கு, குலுக்கலைத் தாங்கும் நீளமான ஃபோர்க்கை மாட்டிவிட்டார். லாரிக்கு ஸ்பிரிங் பட்டை கூட்டியே பழகிய மனுஷன். உயர்த்தினால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பு!

காலையில் மேடேறும்போது மோட்டார் தள்ளியதும் முன்சக்கரம் தூக்கியது. வளைவில் ஹேண்டிலைத் திருப்பியும் வண்டி நேராகவே போனது. சோளக்காட்டில் விழுந்தேன்.

"எப்படி சாமி இருக்குது?" என்றார் நான் வீடு திரும்பியதும், அத்தனை ஆசையாக.

"கை வலியே இல்லீங்க."

அது பொய்யில்லை. முழங்கைச் சிராய்ப்பை மட்டும் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அவரே ஓட்டிப் பார்க்கப் போனார். வந்ததும் பழைய ஃபோர்க்கை எடுத்துத் துடைத்தார். சட்டையெல்லாம் சோளத்தட்டைச் செத்தை. நான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.