அக்கரையிலிருந்து ஒரு ஹலோ

மார்ச் 3, திங்கள்

காலையில் சத்தம் புகாத அறைக்குள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் காதைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மெல்லிய விசில் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். மனிதர் சத்தமே வராதபோதும் அமுக்கினார். எப்படியாவது பாஸாகிவிட வேண்டும் என்ற ஆசை. இங்கே வருகிற எல்லோருக்கும் அது உண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரவேற்பு மேஜையில் என் கணவர் போனில் சிரிப்பதும், எழுந்து நடப்பதும், மறுபடி உட்காருவதுமாக இருந்தார். தபால்காரர் போனதும் வந்து நின்றார்.

"நீச்சல் குளத்துலேர்ந்து கூப்பிட்டாங்க. குழந்தைங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேணுமாம். மே மாசத்துலேர்ந்து."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

யோசிக்க என்ன இருக்கிறது? முகமே சொல்லியது. நான் இந்தக் கிளினிக்கை ஆரம்பித்தபோது, ஆள் கிடைக்கிற வரைக்கும் போனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று குளத்து வேலையை விட்டு வந்து உட்கார்ந்தவர். வந்த ஆட்கள் நிற்கவில்லை. இவர் எழுந்திருக்கவும் இல்லை.

மார்ச் 4

போகட்டும். சந்தோஷமாகப் போகட்டும். ஆனால் போனை யார் எடுப்பது?

மார்ச் 8

மற்ற இடங்களில் போன் எடுப்பது ஒரு வேலையே இல்லை. இங்கே அதுதான் பாதி வேலை. கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் காது சரியாகக் கேட்காது. "நாளைக்கு வாங்க" என்றால் "வாழைக்காயா?" என்பார்கள். கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார்கள். ஒருமுறை வைத்தால் அப்புறம் ஒரு வருஷத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். என் கணவர் அத்தனை பேரையும் பக்குவமாகப் பேசி, வழி சொல்லி, வாசற்படி வரை கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

மாடியில் இருக்கும் பல் டாக்டரம்மாவிடம் புலம்பினேன். அவள்தான் சொன்னாள்: "என் போனை யார் எடுக்கறாங்கன்னு நினைச்சே? ஆள் வேற நாட்டுல இருக்கு. கம்ப்யூட்டர்ல அப்பாயின்ட்மென்ட் போடும், மெயில் பார்க்கும், எல்லாம். நம்ம மொழியே பேசறவங்களா பார்த்துக் கொடுக்க கம்பெனிங்க இருக்கு. ஆனா கம்பெனியைப் பார்த்து எடு. நான் முதல்ல ஒண்ணுகிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சேன்."

இங்கேயே ஆள் தேடாமல் இல்லை. முழு நாளுக்கு ஆள் வைக்க வேலை போதாது. அரை நாளுக்கு வர ஆள் கிடையாது. சரி, கேட்டுத்தான் பார்ப்போமே.

மார்ச் 11

முதல் கம்பெனி. திரையில் ஒரு இளைஞன், பின்னால் பளபளவென்று ஒரு அலுவலகம். அது படம் என்பது அவன் தலையை ஆட்டியபோது காது மறைந்ததில் தெரிந்துவிட்டது. எனக்குக் காதுதானே முதலில் கண்ணில் படும்.

"என் போனை யார் எடுப்பாங்க?"

"ஒரு டீமே இருக்கு மேடம். யார் ஃப்ரீயா இருக்காங்களோ அவங்க எடுப்பாங்க."

"நான் உங்க ஊர் மணி பார்த்தேன். இங்கே காலைன்னா அங்கே நடுராத்திரி ஆச்சே?"

"அதைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க மேடம்."

எல்லாக் கேள்விக்கும் அதே பதில். கவலைப்படாதே என்று இத்தனை முறை சொன்னால் கவலை வராமல் என்ன செய்யும்?

மார்ச் 12

மாதிரிக்கு ஒரு ஆளைப் பேசிக் காட்டச் சொன்னேன். யாரை வைத்துச் சோதிப்பது? "ஏன், அப்பா இல்லையா!" என்றார் கணவர்.

என் மாமனாருக்குக் காது கேட்பதில்லை. ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. "நீங்கள்லாம் வாய்க்குள்ளேயே பேசிட்டு என்னைச் சொல்றீங்க" என்பார். டி.வி. சத்தம் படியிறங்கி வந்து தெருவிலேயே எங்களை வரவேற்கும். கருவி மாட்டிக்கொள்ளச் சொல்லி நான் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவார். காது வைத்தியம் பார்க்கிறவளுக்கு வாய்த்த மாமனார்!

போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒரு நோயாளி மாதிரி கூப்பிட்டுப் பேசச் சொன்னோம். குஷியாக ஒத்துக்கொண்டார். அரை நிமிஷத்தில் போனை வைத்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டே பேசறா போல. ஒண்ணும் புரியலை."

மார்ச் 14

இரண்டாவது கம்பெனி. நான் விலை விசாரித்த மூன்றில் இதுதான் மலிவு. பேசியவர் ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார். "எங்க ஆளோட கம்ப்யூட்டர் திரையை அப்பப்ப போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிட்டே இருப்போம் மேடம். சும்மா உட்கார்ந்திருந்தா உடனே தெரிஞ்சிடும்."

நான் காதைப் பார்ப்பேனா, அந்தப் போட்டோவைப் பார்ப்பேனா? சும்மா உட்காருவதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். எதிர்முனையில் இருப்பவர் யோசித்து முடிக்கும்வரை சும்மா இருக்கத் தெரிய வேண்டும்.

மாதிரிக்காக மாமனாரிடம் பேசிய பையன், அவர் புரியவில்லை என்றதும் அதே வாக்கியத்தை இன்னும் உரக்கச் சொன்னான். அப்புறம் இன்னும் உரக்க. மாமனாரும் விடவில்லை. "ஏம்ப்பா கத்தறே? எனக்கென்ன காது செவிடா?"

அடுத்த அறையில் நானும் கணவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்ததும் இருவருக்கும் முகம் தொங்கிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

சண்டை.

துணி மடித்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொல்கிறார், "நான் வேணா வரலைன்னு குளத்துல சொல்லிடறேன். எனக்கு இதுவே பழகிப்போச்சு."

வந்ததே கோபம். யாரு கேட்டா இந்தத் தியாகத்தை? பழகிப்போச்சாம்! பழகிப்போச்சுன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தமா? நாளைக்கு ஏதாவதுன்னா உன்னாலதான்னு சொல்லவா? — இல்லை, அவர் சொல்லமாட்டார். அதுதானே என் பயமே. சொல்லாமலே இருந்துவிடுவார்.

மடித்த துணியை எல்லாம் மறுபடி உதறி மடித்தேன். அவர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். கோபத்தோடுதான் குடித்தேன்.

உண்மையைச் சொல்: அவர் போகக் கூடாதென்று உனக்கும் கொஞ்சம் இருக்கிறதா இல்லையா?

இருக்கிறது. கண்ணாடி வழியாகத் தலை நிமிர்ந்தால் அங்கே அவர் இருப்பார். அவ்வளவுதான்.

மார்ச் 19

மூன்றாவது கம்பெனி சின்னது. நடத்துகிற பெண்மணியே பேசினார். பின்னால் படமெல்லாம் இல்லை, ஒரு ஜன்னலும் உலரப்போட்ட துண்டும் தெரிந்தன. நான் கேள்விகளோடு தயாராக இருந்தேன். அவர் என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"உங்களுக்கு போன் பண்றவங்க யாரு? எதுக்கு பாதியில வச்சுடறாங்க? நோயாளிங்க விவரத்துல எதையெல்லாம் எங்க ஆள் பார்க்கவே கூடாது?"

கடைசிக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. நானே யோசித்ததில்லை. பெயரும் நேரமும் போதும், சோதனை முடிவெல்லாம் வேண்டாம் என்றேன். எழுதிக்கொண்டார்.

"எங்ககிட்ட இருக்கிற எல்லாருக்கும் இது வராதுங்க. ஒருத்தர் இருக்காங்க. உங்க காலை அவங்களுக்கு மதியம். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி வேலை முடிஞ்சிடும். கொஞ்ச நாள் பார்த்துட்டு, ஒத்துவரலைன்னா விட்டுடுங்க."

"அவங்க லீவு போட்டா?"

"நான் எடுப்பேன்."

இவ்வளவு சின்ன பதிலை நம்பலாமா?

மார்ச் 24

நம்பலாம் போலிருக்கிறது.

திரையில் வந்த உதவியாளருக்கு என் வயதுதான் இருக்கும். நம் மொழிதான், ராகம் மட்டும் வேறு. வாக்கியத்தின் முடிவில் லேசாக ஒரு இழுப்பு. கணவர் உடனே பெயர் வைத்துவிட்டார்: அக்கரை. எனக்கு எழுதும்போது பாதி நேரம் அது 'அக்கறை' என்றே வருகிறது. திருத்தாமல் விட்டுவிடுகிறேன்.

மாமனாரைப் பேசச் சொல்லி, நாங்கள் அடுத்த அறையில் காத்திருந்தோம். பேசினார். பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். அவர் புரியவில்லை என்றபோதெல்லாம் அவள் கத்தவில்லை. குரலைக் கீழே இறக்கி, வேறு வார்த்தையில் சொன்னாள். 'வியாழக்கிழமை' காதில் விழவில்லை என்றதும், 'புதனுக்கு மறுநாள்' என்றாள். நடுவே கதவைச் சாத்திக்கொண்டார் மாமனார். அதற்கப்புறம் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்தவர், "பரவாயில்லை, இந்தப் பொண்ணு ஒழுங்கா பேசுது" என்று சொல்லிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 25

காலையில் அப்பாயின்ட்மென்ட் திரையைத் திறந்தால் வியாழக்கிழமை பத்து மணிக்கு மாமனார் பெயர். பக்கத்தில் குறிப்பு: 'மெதுவாகப் பேசவும். வீட்டார் யாரும் உடன் வர வேண்டாம்.'

விளையாட்டுக்கு என்று நினைத்து அக்கரையைக் கூப்பிட்டு, அது சோதனைதான், எடுத்துவிடலாம் என்றேன்.

"இல்லைங்க மேடம். அவர் நிஜமாத்தான் கேட்டார்."

"கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்ன பேசினார்?"

மெதுவாகச் சொன்னாள்: "அதை அவர்கிட்டயே கேளுங்க மேடம். எங்கிட்ட சொன்னதை நான் சொல்லலாமா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த நிமிஷமே சந்தோஷமாகிவிட்டது. கம்பெனிக்கு இன்றே எழுதிவிட்டேன்: இவர்தான், இவரே போதும்.

மார்ச் 27, வியாழன்

மாமனாருக்கு இஸ்திரி போட்ட சட்டை. ஒரே வீட்டிலிருந்து தனித்தனியாகக் கிளம்பி வந்தோம். நான் முதலில், அவர் அப்புறம் பஸ்ஸில். வரவேற்பறையில் யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தார். மகன் தண்ணீர் கொடுத்தபோது "தேங்க்ஸ் சார்" என்றார்.

அறைக்குள் அவரும் பொத்தானைப் பொய்யாகத்தான் அமுக்கினார். பாஸாக வேண்டுமே! முடிவைக் காட்டியபோது பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"ஏன் மாமா, இத்தனை நாளா நான் சொன்னப்பல்லாம் ஏன் வரலை?"

"வீட்டுல நீ மருமக. வயசாயிடுச்சு, காது போச்சுன்னு நீ சொல்லி நான் கேட்டுக்கிட்டா, அப்புறம் சாப்பாட்டு மேஜையில உன் எதிர்ல எப்படி கெத்தா உட்கார்றது? அந்தப் பொண்ணுக்கு என்னைத் தெரியாது. தெரியாதவங்ககிட்ட சொல்லிட்டேன். சொன்னதும் லேசாயிடுச்சு."

கருவியைப் பொருத்தினேன். மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?"

"எப்பவும்தான் மாமா."

"ரிப்பேர் பண்ணக் கூடாதா?"

ஏப்ரல் 9

இன்று அக்கரை ஊரில் புயல், மின்சாரம் இல்லை. நான் அறைக்குள் இருந்தேன், எனக்குத் தெரியவே இல்லை. மதியம் பார்த்தால் எல்லா அழைப்புகளையும் கம்பெனிப் பெண்மணியே எடுத்திருக்கிறார். நன்றி சொல்லக் கூப்பிட்டேன். "உங்க ஆளுங்க ரொம்ப பேசறாங்கங்க," என்று சிரித்தார். "தொண்டை கட்டிடுச்சு."

ஏப்ரல் 22

கணவர் குளத்தில் சரி என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, புதிதாக நீச்சல் கண்ணாடி வாங்கி, வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு திரிகிறார்.

மே 14

மதியம் யாரும் இல்லை. போன் அக்கரையிடம். கிளினிக்கைப் பூட்டிவிட்டு நீச்சல் குளத்துக்கு நடந்தேன். இத்தனை வருஷத்தில் மதிய வேளையில் தெருவில் நடந்ததே இல்லை என்பது வெயில் சுட்டபோதுதான் தெரிந்தது.

உள்ளே நுழையும் முன்பே அவர் குரல் கேட்டது. சுவரெல்லாம் அதிர, "காலை உதை! உதை! அப்படித்தான் கண்ணு, நான் இருக்கேன், விட மாட்டேன்!"

நின்றுவிட்டேன். இது யார் குரல்? வரவேற்பு மேஜையில் அடுத்த அறையில் சோதனை நடக்கிறதே என்று எப்போதும் அடக்கி அடக்கியே பேசியவர். நாள் முழுக்கக் காதோடு இருப்பவள் நான். இவருக்கு இவ்வளவு பெரிய குரல் உண்டென்று எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும் தண்ணீருக்குள்ளிருந்தே கை தூக்கினார். குழந்தைகளும் யாரென்று தெரியாமலே கை தூக்கினார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். ஜில்லென்று இருந்தது. அடுத்த நோயாளி மூன்று மணிக்குத்தான்.