பதினேழு அங்குலம்

டி மாயின், அயோவா
அக்டோபர் 30, மதியம்

அன்பு மகள் மார்னிக்கு,

அப்பா நலம். முழங்கால் மட்டும் பழையபடி. சொல்ல வந்ததை விட்டுவிடுவேன் என்ற பயத்தில் முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்:

1. முதியோர் குடியிருப்புப் படிவம்.
2. பக்கத்து வீட்டு எலும்புக்கூடு.
3. இன்று மாலை வாசல் விளக்கு.
4. நான் போனால் இந்தத் தெருவில் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது.

படிவம் வந்தது. இரண்டு முறை படித்தேன். உன் ஊரில், உன் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் அறை என்கிறாய். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறாய். நீ சொல்வதுதான் சரியாக இருக்கும். வீட்டை விற்பதற்கு எதிராக எனக்குத் தெளிவான காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

எலும்புக்கூடு விஷயத்தில் என் பொறுமை போய்விட்டது. பள்ளிப் பேருந்து ஓட்டும் பானி டிராஸ்க், ஹாலோவீனுக்காகப் பன்னிரண்டடி பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் புல்வெளியில் நிறுத்தியிருக்கிறாள். அதன் இடது கை புதர்வேலியைத் தாண்டி என் பக்கம் பதினேழு அங்குலம் நீள்கிறது. அளந்துவிட்டேன். ஆள் அசைந்தால் இயங்கும் பொம்மை; நான் செய்தித்தாள் எடுக்கப் போனால் அது கண் சிவந்து சிரிக்கிறது. நான் திடுக்கிட்டு மன்னிப்புக் கேட்கிறேன். மூன்று வாரமாகத் தினமும் இதுதான். பானிக்குப் பணிவாக ஒரு குறிப்பு எழுதினேன். கடுமையாக இருந்தது போலத் தோன்றவே நான்கு முறை திருத்தினேன். நான்காவதில் புகாரே காணாமல் போய்விட்டது. அனுப்பவில்லை.

இன்று யாசக இரவு, ஹாலோவீனுக்கு முந்தைய நாள். மாலை ஆறு முதல் எட்டு வரை பிள்ளைகள் வேடம் போட்டு வருவார்கள். ஒரு ஜோக்குக்கு ஒரு சாக்லேட். அம்மா இருந்தவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜோக்குக்குச் சிரிப்பது அவள் வேலை. என்னுடையது பழைய வாத்தியார் சிரிப்பு; அதைப் பார்த்தால் பிள்ளைகள் தேர்வில் தோற்றவர்கள் போல நிற்கிறார்கள். அதனால் விளக்கைப் போடப்போவதில்லை. இருட்டான வாசலை யாரும் தட்ட மாட்டார்கள்.

அக்டோபர் 31, காலை

தட்டினார்கள். அதுவும் பின்கதவை. நேற்று மாலை ஆறு இருபதுக்கு.

பானிதான். சூனியக்காரித் தொப்பி, பச்சை மூக்கு. "வாத்தியாரே, உயிரோட இருக்கீங்களா?" என்றாள். பல்பு போய்விட்டது என்று பொய் சொன்னேன். எழுபத்தெட்டு வயதில் பொய் சொல்லவாவது ஒழுங்காகத் தெரிய வேண்டாமா? அவள் தன் வீட்டிலிருந்து புதுப் பல்பு கொண்டுவந்து, என் நாற்காலியில் ஏறி, நன்றாக இருந்த பல்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். வாசல் விளக்கு எரிந்தது. அரை நிமிடத்தில் தெருவே என் படியில் நின்றது.

முதலில் வந்தது அவள் மகள் ஒடெஸா, எட்டு வயது. முழங்கால் வரை தொங்கும் சாம்பல் ஸ்வெட்டர், கயிற்றில் மூக்குக்கண்ணாடி, கையில் அளவு நாடா. குனிந்து என் வாசற்படியை அளந்தாள். தச்சரா என்று கேட்டேன்.

"இல்ல சார். நான் நீங்க."

கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஜோக் எங்கே என்று முடிந்த அளவு கறாராகக் கேட்டேன்.

"எங்க எலும்புக்கூடு ஏன் வேலியைத் தாண்டிக் கை நீட்டுது, தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"நீங்க தினமும் அதுகிட்ட சாரி சொல்றீங்கல்ல. பரவாயில்லன்னு கைகுடுக்கப் பாக்குது."

மார்னி, நான் சிரித்துவிட்டேன். நன்றாக இல்லை, இருமல் மாதிரிதான். ஆனால் யாரும் தோற்றவர்கள் போல நிற்கவில்லை. அவளுக்கு இரண்டு சாக்லேட் கொடுத்தேன். விதிமீறல்தான். உடனே பின்னால் நின்ற இருபத்தைந்து பேரும் இரண்டு கேட்டார்கள். ஏழே காலுக்குள் பெட்டி காலி.

அதோடு விட்டார்களா? பானியின் கார் கொட்டகையில் தெருவுக்கே சில்லி என்ற காரமான பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும். என்னிடம் வேடம் இல்லை என்று தப்பிக்கப் பார்த்தேன். "ஒடெஸா வேஷம்னு சொல்லிக்கோங்க," என்று பானி கையைப் பிடித்து இழுத்துப் போனாள். என்னைப் பார்த்த எல்லோரும் அதைச் சொல்லியே சிரித்தார்கள். திரும்பும்போது எலும்புக்கூட்டின் கையைப் பார்த்தேன். மடக்கச் சொல்லவில்லை.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லை. கோபித்துக்கொள்ளாதே. அடுத்த ஆண்டு இதே நாளில் வந்து அம்மாவின் நாற்காலியில் உட்கார முடியுமா என்று பார். உன் சிரிப்பு அவளுடையது. பிள்ளைகளுக்கு அது கிடைக்கட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும் அப்பா,
ஆல்வின் டெக்கர்

பி.கு.: மேலே நான்காவதாக எழுதியது தவறு. பேனாவில் எழுதியதால் அழிக்க முடியவில்லை. நீயே அடித்துவிடு.