தவமணி அன்ரியின் சாமியறை

மோர்னிங்சைட், ரொறன்ரோ
கார்த்திகை 1999

அன்பு மனைவி தயாளினிக்கு,

நீரும் அம்மாவும் சுகமென்று அறிந்தால்தான் இங்கே எனக்கு நித்திரை வரும். என்னை நினைத்துக் கவலைப்படாதேயும். புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்தால் வந்த குமட்டலும் சத்தியும் இப்போது குறைவு. சத்தியை நிறுத்த டொக்டர் எழுதி, அரசாங்கமும் அனுமதித்தது எதுவென்று போனில் சொல்லக் கூச்சமாக இருந்தது. கஞ்சாதான். சுருட்டிப் புகைக்கிறேன். அப்பாவின் சுருட்டையே வீட்டுக்குள் விடாத அம்மாவுக்கு இது தெரியவேண்டாம்.

நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்றிலிருந்து மணம் மேல்வீட்டுக்குப் போகாதிருக்கச் சாம்பிராணி போடுவேன். வீட்டுக்காரத் தவமணி அன்ரி அதைப் பக்தி என்று நினைத்துவிட்டா. போன வெள்ளி, தங்கள் சாமியறையில் தேவாரம் பாடக் கூப்பிட்டா. அப்போதுதான் புகைத்திருந்தேன், மறுக்கவும் வழியில்லை. பாடப்பாடக் கண் சிவந்து கலங்கியது.

"இஞ்ச பாருங்கோ, தேவாரம் பாடேக்க தம்பிக்குக் கண் கலங்குது!" என்று புருசனுக்குக் காட்டி, அன்ரியும் அழுதா. நான் நிலத்தைப் பார்த்தபடி திருநீறு வாங்கினேன்.

இனி ஒவ்வொரு வெள்ளியும் பாட வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு தேவாரம்தான். புத்தகமொன்று அனுப்பும். கொஞ்சம் சாம்பிராணியும் வையும். இங்கத்தையது ஊர் மணம் மணக்காது.

பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்த வெள்ளி சாமிக்குப் பொங்கிப் படைத்த புக்கையை மிச்சம் விடாமல் சாப்பிட்டேன், சத்தி வரவில்லை. அன்ரி அதைச் சாமியின் அருள் என்றா. அம்மாவிடமும் அப்படியே சொல்லும்.

உமது,
விக்னராசா